கட்டளையிடப் பழகியவர் கேட்கக் கற்கும் கதைகள்

வாசகர் கேள்வி – பதில்

வரலாற்றுக் காதல் நாவல்களைப் பற்றி, குறிப்பாக உயர்குடியில் பிறந்தவரும் எளிய குடும்பத்தவரும் ஒருவரையொருவர் விரும்பும் கதைகளைப் பற்றி, அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. பொருள் ஒன்றாக இருப்பதால், இம்முறை அவற்றுக்கு மட்டுமே விடை தருகிறேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பலவகை இலக்கியமும் படித்தவள். ஆயினும் பிரபுவும் ஏழைப் பெண்ணும் காதலிக்கும் பழங்காலத்து நாவல் கையில் கிடைத்துவிட்டால் முடிக்காமல் கீழே வைக்க முடிவதில்லை. முடிவு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது, அப்படியும் படிக்கிறேன். பணக்கார வாழ்வின் மீதுள்ள ஆசைதான் காரணம் என்கிறாள் என் மகள். அது உண்மையா?

பதில்: உங்கள் மகள் சொல்வதில் சிறிது உண்மை உண்டு. மாளிகையும் குதிரை வண்டியும் பட்டாடையும் வருணிக்கப்படும் பக்கங்களை நாம் எல்லோருமே ஆசையோடுதான் படிக்கிறோம். ஆனால் செல்வம் மட்டுமே ஈர்ப்பு என்றால், ஏழைப் பெண்ணுக்கு எங்கிருந்தோ பெரும் சொத்து வந்து சேரும் கதையும் இதே மகிழ்ச்சியைத் தர வேண்டும், தருவதில்லை. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பிரபு தன் காதலைச் சொன்னவுடனே நாயகி மகிழ்ந்து ஒப்புக்கொள்ளும் நாவல் நமக்குச் சப்பென்று போய்விடுகிறது. அவள் மறுக்கும் இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்கிறோம். செல்வத்துக்கு ஆசைப்படும் வாசகர், செல்வம் மறுக்கப்படும் காட்சியை ஏன் இவ்வளவு விரும்ப வேண்டும்?

என் எண்ணம் இதுதான். உயர்ந்த இடத்தில் பிறந்தவர் எதையும் கேட்டுப் பெற வேண்டிய தேவையே இல்லாமல் வளர்கிறார். மணியை இழுத்தால் ஆள் வருகிறது, கை நீட்டினால் பொருள் வருகிறது, அவர் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு, கட்டளையிட்டுப் பெற முடியாத ஒன்று வாழ்வில் முதல் முறையாகத் தேவைப்படுகிறது. அதைத் தரவோ மறுக்கவோ உரிமையுள்ளவர், அதுவரை அவர் கண்ணில் சரியாகப் பட்டிராத ஓர் எளிய மனிதர். அந்த நொடியில் உலகம் வகுத்த மேல் கீழ் அனைத்தும் தலைகீழாகின்றன. கேட்பவர் காத்திருக்கிறார், கேட்கப்பட்டவர் சிந்திக்கிறார். நாம் திரும்பத் திரும்பப் படிப்பது அந்த நொடிக்காகத்தான்.

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813-இல் வெளிவந்தது. அதன் நாயகன் டார்சிக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு. நாயகி எலிசபெத்துக்குத் தாயின் காலத்துக்குப் பின் கிடைக்கவிருப்பது மொத்தமே 1,000 பவுண்டு. அவளும் நிலக்கிழார் ஒருவரின் மகள்தான் என்பதால், கறாராகப் பார்த்தால் இருவரும் ஒரே வர்க்கம், வேறு வேறு படி. ஆயினும் டார்சி முதன்முறை மணம் பேச வரும்போது, மறுப்பு என்ற ஒன்று இருக்கக்கூடும் என்று கனவிலும் நினைக்காமல் வருகிறான். அவளுடைய குடும்பத்தின் தாழ்வை அவளிடமே எடுத்துச் சொல்லி, அதையும் மீறித் தான் விரும்புவதைப் பெருந்தன்மையாகக் காட்டுகிறான். அவள் மறுக்கிறாள். அதன் பிறகுதான் அவன் மனிதனாகத் தொடங்குகிறான். இரண்டு நூற்றாண்டுகளாக எழுதப்படும் இத்தகைய நாவல்களில் பெரும்பாலானவை அந்தக் காட்சிக்குக் கடன்பட்டவை.

நமக்கு இது புதிதும் அன்று. நற்றிணையின் 45-ஆம் பாடலில் தோழி தலைவனிடம் பேசுவதைப் படித்துப் பாருங்கள். இவள் கடலுக்குள் சென்று மீன் பிடிக்கும் பரதவர் மகள். நீயோ கொடிகள் அசையும் கடைத்தெருக்களை உடைய பழைய ஊரில், விரைந்து செல்லும் தேரை உடைய செல்வனின் அன்பு மகன். சுறாவை அறுத்துக் காயவைத்து, பறவைகளை விரட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு உன் நலம் எதற்கு? எங்கள் மேல் புலால் நாறுகிறது, தள்ளி நில் என்கிறாள். முடிக்கும்போது, ‘எம்மனோரில் செம்மலும் உடைத்தே’ என்கிறாள். எங்களைப் போன்றவர்களுக்குள்ளும் தலைமை உடைய ஆண்மக்கள் உண்டு என்று பொருள். தாழ்வு மனப்பான்மையின் சாயலே இல்லாத குரல் அது. தேரில் வந்தவன் இனி என்ன சொல்லப் போகிறான் என்று கேட்க நமக்கு எழும் ஆவல்தான் உங்களையும் அந்த நாவல்களை முடிக்க வைக்கிறது. உங்கள் மகளுக்கு இந்தப் பாடலைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: பெரும்பாலான கதைகளில் ஆண் உயர்ந்தவனாகவும் பெண் தாழ்ந்தவளாகவுமே இருக்கிறார்களே, இதைத் திருப்பி எழுதினால் வாசகர் ஏற்க மாட்டார்களா?

பதில்: ஏற்பார்கள், சிலர் மிக அழகாக எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் கதைகள் ஒரே பக்கம் சாய்வதற்கு வாசகரின் மனப்பாங்கு மட்டும் காரணமில்லை. இத்தகைய நாவல்கள் மிகுதியாக நிகழும் 18, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சட்டம் அப்படி இருந்தது. மனைவி கணவனின் படியை அடைவாள். கணவன் மனைவியின் படிக்கு உயர்வதில்லை. நாடக நடிகை ஒருத்தி ஏர்ல் பட்டமுடையவரை மணந்தால் அன்று முதல் அவள் கவுண்டஸ். எலிசபெத் ஃபாரன் என்ற புகழ்பெற்ற நடிகை 1797-இல் டார்பி ஏர்லை மணந்தபோது நடந்தது அதுதான். மாறாக, ‘டியூக்’ என்ற மிக உயர்ந்த பட்டமுடைய கோமகனின் மகள் ஒருத்தி தோட்டக்காரரை மணந்தால், பெயருக்கு முன் வரும் ‘லேடி’ என்ற அடைமொழி மட்டும் அவளோடு போகும். வீடும் வருமானமும் ஊரார் தரும் இடமும் தோட்டக்காரருடையவைதான், பிள்ளைகளும் தோட்டக்காரரின் பிள்ளைகள்தான்.

அதைவிடக் கொடியது சொத்துரிமை. மணமானவுடன் பெண்ணின் சட்டப்படியான தனி இருப்பு கணவனுடையதில் கரைந்துவிடும். அவள் கையிலுள்ள பணமும், பின்னர் உழைத்துச் சம்பாதிக்கும் பணமும், முன்கூட்டியே தனி ஏற்பாடு எழுதி வைக்காவிட்டால், அவனுடையவை. மனைவியின் உழைப்பூதியம் அவளுக்கே உரியது என்று சட்டம் சொன்னது 1870-இல்; சொத்து முழுவதற்கும் அந்த உரிமை வந்தது 1882-இல். எனவே செல்வமுள்ள பெண் ஏழை ஒருவனை விரும்பும் கதையை 1815-இல் நிகழ்வதாக எழுதுபவர், அவன் அவளை விரும்புகிறானா அவளுடைய பணத்தையா என்ற கேள்வியை விட்டுவிட்டு ஒரு பக்கம்கூட நகர முடியாது. நல்ல எழுத்தாளர் அதையே கதையின் உயிராக்கிக்கொள்வார்.

எலிசபெத் காஸ்கெல்லின் ‘நார்த் அண்ட் சவுத்’ நாவலை இந்த வகையில் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 1854, 1855 ஆண்டுகளில் தொடராக வந்தது. நாயகி மார்கரெட் பாதிரியாரின் மகள், பண்பாட்டால் உயர்ந்தவள் என்ற எண்ணம் உடையவள். நாயகன் தார்ன்டன், துணிக்கடையில் வேலை செய்து முன்னேறி ஆலை முதலாளியானவன். அவன் வியாபாரம் நொடித்துப்போகும் நேரத்தில் அவளுக்குச் சொத்து வந்து சேர்கிறது. ஆலை தொடர்ந்து நடக்க அவள் கடன் தர முன்வருகிறாள். காதல் காட்சியும் கடன் பேச்சும் ஒன்றாகவே நடக்கின்றன. யார் மேலே, யார் கீழே என்று அந்தக் கடைசிப் பக்கத்தில் யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: இவை எல்லாம் கற்பனைதானே? உண்மையில் எந்தப் பிரபு வேலைக்காரியை மணந்தார்?

பதில்: மணந்தவர்கள் இருந்தார்கள், மிகச் சிலர். ஆங்கில நாவல்களில் உலவும் கோமகன்களின் கூட்டத்தைப் பார்த்தால் தெருவுக்கு ஒருவர் இருந்ததாகத் தோன்றும். உண்மையில் ரீஜென்சி எனப்படும் 1811 முதல் 1820 வரையிலான காலத்தில், அரச குடும்பத்தைச் சேராத கோமகன்கள் பிரித்தானிய நாடு முழுவதிலும் சேர்த்து ஏறத்தாழ முப்பது பேர்தான். அவர்களில் பாதிப் பேர் முதியவர்களாகவோ மணமானவர்களாகவோ இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

ஆனாலும் உண்மைக் கதைகள் சில உண்டு. சசெக்ஸ் பகுதியிலுள்ள அப்பார்க் மாளிகையின் உரிமையாளர் சர் ஹாரி ஃபெதர்ஸ்டன்ஹா, 1825-இல் தம் பால்பண்ணையில் வேலை செய்த மேரி ஆன் புல்லக்கை மணந்தார். அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது, அவளுக்கு இருபது வயதளவு. 1846-இல் அவர் இறந்தபோது மாளிகையும் நிலமும் அவளுக்கே வந்தன. அவள் தன் தங்கையோடு அந்த வீட்டை அவர் வைத்திருந்தபடியே பாதுகாத்தாள். பின்னாளில் அதே மாளிகையில் வீட்டு நிர்வாகியாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணின் மகன்தான் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ்.

நாவல்களில் அடிக்கடி வரும் கிரெட்னா கிரீன் ஓட்டமும் கற்பனை அன்று. 1754-இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் சம்மதமின்றி இங்கிலாந்தில் மணம் செய்துகொள்வதைக் கடினமாக்கியது. அச்சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. அங்கே சாட்சிகள் முன் இருவரும் சம்மதம் சொன்னால் போதும். அதனால் எல்லையைத் தாண்டியவுடன் வரும் அந்தச் சிற்றூர் காதலர்களின் புகலிடமானது. வங்கியாளர் ராபர்ட் சைல்டின் ஒரே மகள் சாரா, 1782-இல் வெஸ்ட்மர்லாந்து ஏர்லோடு அங்கே ஓடிப்போனாள். இங்கே தடை சொன்னவர் வணிகரான தந்தை என்பதைக் கவனிக்க வேண்டும். தம் செல்வம், அவளுடைய பிள்ளைகளில் ஏர்ல் பட்டத்துக்கு வாரிசாகும் மூத்த மகனுக்குப் போய்ச் சேராதபடி அவர் உயிலையே மாற்றி எழுதினார். வர்க்கத்தின் சுவருக்கு இரு பக்கமும் காவல் உண்டு என்பதை நாவலாசிரியர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். மகள் பிரபு வீட்டுக்குப் போனால் பெருமை என்று எல்லாத் தந்தையரும் நினைத்ததில்லை. 1856-இல் நிறைவேறிய சட்டம், மணமக்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று விதித்தபின் அந்த ஓட்டங்கள் ஓய்ந்தன.

கேள்வி: எனக்கு இந்தக் கதைகளில் ஒரு நெருடல் உண்டு. சம்பளம் கொடுப்பவன் சம்பளம் வாங்குபவளைக் காதலிப்பதாகச் சொன்னால், அவளால் எப்படி மறுக்க முடியும்? அதைக் காதல் என்று கொண்டாடுவது சரியா? இந்த நாவல்களை விரும்பிப் படிப்பவளாகவே இதைக் கேட்கிறேன்.

பதில்: நீங்கள் கேட்டிருப்பது, இந்த வகை நாவல் தோன்றிய நாள் முதல் அதனோடு கூடவே வரும் கேள்வி. 1740-இல் வெளிவந்த சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘பமேலா’வில் பதினைந்து வயதுப் பணிப்பெண்ணை எசமானன் தொடர்ந்து துன்புறுத்துகிறான், கடத்திச் சென்று தொலைவிலுள்ள வீட்டில் அடைத்து வைக்கிறான், அவள் எழுதும் கடிதங்களைக் கைப்பற்றிப் படிக்கிறான். அவளுடைய மனவுறுதியைக் கண்டு மனம் மாறி இறுதியில் அவளை மணக்கிறான். ஐரோப்பா முழுவதும் அந்நூலைக் கொண்டாடியது. மறு ஆண்டே ஹென்றி ஃபீல்டிங் அதைக் கேலி செய்து ஒரு நூல் எழுதினார். ஆனால் ஃபீல்டிங்கின் கேலி எசமானன் மீது பாயவில்லை. பமேலா சூழ்ச்சிக்காரி, மணத்துக்காகவே ஒழுக்கம் பேசியவள் என்று அந்தப் பெண் மீதே பாய்ந்தது. அந்தக் கேலி இன்றும் எனக்குக் கசக்கிறது. அடைத்து வைத்தவனை விட்டுவிட்டு அடைபட்டவளின் நோக்கத்தை ஆராய்வது அன்றைய உலகின் வழக்கமாக இருந்தது.

அந்த வழக்கம் விரைவில் மறையவும் இல்லை. அமெரிக்காவில் இக்காலத்து வரலாற்றுக் காதல் நாவல்களின் பெருக்கைத் தொடங்கி வைத்ததாகக் கருதப்படும் கேத்லீன் வுடிவிஸின் முதல் நாவல் 1972-இல் வந்தது. அதில் நாயகன் தொடக்கத்திலேயே நாயகியை வன்புணர்கிறான், பிறகு அவர்கள் காதலர்கள் ஆகிறார்கள். அதைத் தொடர்ந்து அதே பாணியில் பல நூல்கள் வந்தன. பின்னர் வாசகிகளும் பெண் எழுத்தாளர்களுமே அதை எதிர்த்துப் பேசி, இவ்வகை எழுத்தின் போக்கைப் பெருமளவு மாற்றியிருக்கிறார்கள். உங்கள் கேள்வியைப் போன்ற கேள்விகள்தான் அந்த மாற்றத்தைச் செய்தன.

இனி நேரடி விடை. பணிப்பெண்ணுக்கு எசமானன் தருவது சம்பளம் மட்டும் அன்று. தலைக்கு மேல் கூரை, மூன்று வேளை உணவு, எல்லாவற்றுக்கும் மேலாக அடுத்த வேலைக்கு வேண்டிய நற்சான்று, இவை எல்லாம் அவன் கையில் இருந்தன. நற்சான்றின்றி வெளியேற்றப்பட்ட பெண்ணை வேறெந்த நல்ல வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். ஆகவே, அவள் மறுத்தால் நாளை எங்கே உறங்குவாள் என்ற கேள்விக்கு நாவல் விடை சொல்ல வேண்டும். சொல்லாத நாவலில் அவளுடைய ‘ஆம்’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ 1847-ஆம் ஆண்டிலேயே அந்த விடையை எழுதியிருக்கிறது. ஜேன், ரோச்செஸ்டரின் வீட்டில் ஆண்டுக்கு 30 பவுண்டு ஊதியம் பெறும் ஆசிரியை. அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது மணமேடையில் வெளிப்பட்டபின், அவனோடு மணமின்றி வாழ மறுத்து விடிவதற்குள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். கையில் இருப்பது 20 ஷில்லிங். அது முழுவதையும் வண்டிக்காரனிடம் கொடுத்து, அந்தத் தொகைக்கு அவன் கொண்டுபோய் விடும் இடத்தில் இறங்குகிறாள். பிறகு பசியோடு அலைந்து, பன்றிக்கு வைக்கவிருந்த ஆறிப்போன கஞ்சியைக் கேட்டு வாங்கி உண்கிறாள். மறுப்பதற்கு ஆகும் விலை எவ்வளவு என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொன்ன காதல் கதை எனக்குத் தெரியாது. அவள் திரும்பி வரும்போது தன் தந்தையின் உடன்பிறந்தவரின் சொத்தில் தன் பங்கான 5,000 பவுண்டோடு, யாருடைய தயவும் தேவைப்படாதவளாக வருகிறாள். அப்போது அவள் சொல்லும் ‘ஆம்’ கேட்பதற்கே வேறாக இருக்கிறது.

வாழ்விலிருந்தும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஹானா கல்விக் என்ற பணிப்பெண்ணும் ஆர்தர் மன்பி என்ற கற்றறிந்த கனவானும் 1854-இல் சந்தித்து, 1873-இல் இரகசியமாக மணந்துகொண்டார்கள். நாவலாக இருந்தால் அவள் பட்டுடுத்திச் சீமாட்டியாகியிருப்பாள். ஹானாவுக்கு அந்த வேடம் பிடிக்கவில்லை. மணத்துக்குப் பின்னும் தன் உழைப்பை விட மறுத்தாள், சில ஆண்டுகளில் தனியே வாழவும் போனாள், ஆயினும் அவர்களுக்கிடையிலான உறவு அவளுடைய இறுதிவரை நீடித்தது. தான் தேய்த்த தரை, துடைத்த காலணி, கழுவிய பாத்திரம் அனைத்தையும் அவள் நாட்குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறாள். மேலே ஏறி வருவதுதான் கீழே உள்ளவரின் ஒரே விருப்பமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வது மேலே உள்ளவரின் மயக்கம் என்பதை அவளைவிடத் தெளிவாகக் காட்டியவர் இல்லை.

உங்கள் நெருடலை விட்டுவிடாதீர்கள். அதோடு படியுங்கள்; நல்ல நாவல்கள் அதைத் தாங்கும்.

கேள்வி: எளியவனாக வந்த நாயகன் கடைசியில் அரச வாரிசு என்று தெரியவரும் கதைகள் என்னை ஏமாற்றுகின்றன. உங்களுக்கு எப்படி?

பதில்: எனக்கும் ஏமாற்றமே. காதலர்களுக்கிடையே சுவர் இருக்கிறது என்று முந்நூறு பக்கம் நம்ப வைத்துவிட்டு, கடைசியில் சுவரே இல்லை என்று சொல்வது கதையின் உழைப்பை வீணாக்குகிறது. குலம்தான் பெரிது என்ற எண்ணத்துக்கே அது தலை வணங்குகிறது. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் ஓடக்காரப் பூங்குழலியும் பூக்கட்டும் சேந்தன் அமுதனும் இணைவது எனக்கு மிகப் பிடித்த பகுதி. அவன் சோழ குலத்து இளவரசன் என்று ஆகாமல் பூக்கட்டுபவனாகவே இருந்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நினைக்கிறேன். கதையின் அரசியல் முடிச்சுக்கு அது தேவைப்பட்டது என்பதை அறிவேன். இருந்தாலும் மனம் கேட்கவில்லை.

அதே நூலில் வந்தியத்தேவனின் நிலை வேறு. நாடிழந்த வாணர் குலத்தவன், ஒரு குதிரையும் வாளும் தவிர ஏதுமற்றவன், சோழப் பேரரசையே வழிநடத்தும் குந்தவையை விரும்புகிறான். அவனுக்கு மறைந்திருந்த மகுடம் எதுவும் கடைசியில் கிடைப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, இராசராசனின் தமக்கை குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிப்பிடுகிறது. அந்த ஒற்றைக் குறிப்பின் மீது, எளிய நிலைக்கு வந்துவிட்ட வீரன் ஒருவனைக் கற்பனை செய்து அவனைக் கதையின் நடுவே நிறுத்தியது கல்கியின் மேதைமை.

கேள்வி: காதலர்கள் இணையாமல் முடியும் வரலாற்று நாவல்களையும் இந்த வகையில் சேர்க்கலாமா?

பதில்: பதிப்பாளர்கள் சேர்க்க மாட்டார்கள்; மேலைநாட்டில் இவ்வகைக்கு மகிழ்ச்சியான முடிவு எழுதப்படாத விதி. நான் சேர்ப்பேன். 1944 முதல் 1946 வரை தொடராக வந்த ‘சிவகாமியின் சபத’த்தில் பல்லவ இளவரசனும் சிற்பியின் மகளும் இணைவதில்லை. அவளுடைய சபதத்துக்காக அவன் வாதாபியை எரிக்கிறான், ஆனால் அதற்குள் பாண்டிய இளவரசியை மணந்துவிட்டான். ஒரு நகரத்தையே அழிக்க முடிந்தவனால் அரச மணம் என்ற வழக்கத்தை மீற முடியவில்லை. சுவரின் உயரத்தை நமக்கு உண்மையாக உணர்த்துபவை இத்தகைய முடிவுகள்தாம்; இவை இருப்பதால்தான் மற்ற நாவல்களின் மகிழ்ச்சியான முடிவுக்கும் எடை கூடுகிறது.

கேள்வி: இன்றும்தான் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பிறகு ஏன் கதைகள் எல்லாம் பழங்காலத்தில் நடக்கின்றன?

பதில்: இன்றைய தடைகள் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. காரணம் கேட்டால் ஜாதகம் என்பார்கள், படிப்பு என்பார்கள், ஒத்துவராது என்பார்கள். பழங்காலத்தில் தடை சட்டமாக, பட்டமாக, உடையாக, எந்தப் படிக்கட்டில் யார் ஏறலாம் என்ற விதியாகக் கண்ணுக்கு முன் நின்றது. கண்ணுக்குத் தெரியும் சுவரைத் தாண்டுவதைத்தான் கதையில் காட்ட முடியும். அது மட்டுமின்றி, அன்று காதலர்கள் இழக்கக்கூடியது அதிகம். இங்கிலாந்தில் 1857-க்கு முன் முழுமையான மணவிலக்குப் பெற நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். தவறானவரைத் தேர்ந்த பெண்ணுக்குத் திரும்பும் வழி இல்லை. ஒரு பார்வை, கையுறை கழற்றிய ஒரு விரல், ஊர் அலர் தூற்றப் போதுமானதாக இருந்த உலகில், சிறிய செயலுக்கும் பெரிய பொருள் உண்டு. நெருக்கத்தை மெதுவாக எழுத விரும்பும் எழுத்தாளருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. நம் காலத்துக் கதையாக எழுதினால் வாசகருக்குத் தம் வீட்டு நினைவு வந்துவிடுகிறது. பிரபுவின் தாய் பணிப்பெண்ணை அவமதிக்கும்போது கண்ணீர் விடும் நாம், அந்தத் தாயின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதியோடு அழுகிறோம்.

கேள்வி: சோழர் காலத்துப் பின்னணியில், கோயிலில் பணிபுரியும் பெண்ணுக்கும் அரச அதிகாரிக்கும் இடையிலான காதலை நாவலாக எழுதி வருகிறேன். என்ன அறிவுரை கூறுவீர்கள்?

பதில்: முதலில் கூலியை அறிந்துகொள்ளுங்கள். நிலவையும் தாமரைக் குளத்தையும் எழுத எல்லோருக்கும் தெரியும். நாயகி எதை உண்கிறாள், யாரிடமிருந்து பெறுகிறாள், எதை இழந்தால் பட்டினி கிடப்பாள் என்பது தெரியாதவரால் வர்க்கம் கடந்த காதலை எழுத முடியாது. உங்களுக்கு வாய்த்த காலம் இதில் மிகவும் வளமானது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கோயில் பணிக்குரிய ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவரின் பெயரும், முன்பு இருந்த கோயிலும், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு என்பதும் கல்வெட்டில் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்காக வந்தது. இறந்தாலோ வேறிடம் போனாலோ அந்தப் பங்கு யாரைச் சேரும் என்பதற்கும் விதி உண்டு.

இவ்வளவு தெரிந்துவிட்டால் கதை தானாகவே கேள்வி கேட்கத் தொடங்கும். அவளுக்குச் சொந்த வீடும் நெல்லும் பெயரும் இருக்கின்றன. அப்படியென்றால் அதிகாரியைவிட அவள் எந்த வகையில் தாழ்ந்தவள், எந்த வகையில் சுதந்திரமானவள்? அவனோடு போனால் அந்த 100 கலம் என்ன ஆகும்? பக்கத்து வீட்டில் அவளுடன் ஒரே ஊரிலிருந்து வந்த தோழி என்ன சொல்வாள்? அதிகாரிக்கு மேலதிகாரி ஒருவர் இருப்பாரே, அவரிடம் அவன் என்ன சொல்லிச் சமாளிப்பான்? இவற்றுக்கு விடை எழுதிவிட்டு, அதன்பின் அவன் அவளிடம் மனத்தைத் திறக்கும் காட்சிக்கு வாருங்கள். அவளை உடனே ஒப்புக்கொள்ள வைத்துவிடாதீர்கள். அவள் கணக்குப் பார்க்கட்டும். காதலிக்கும் பெண் கணக்குப் பார்ப்பது அழகில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் பார்க்கும் கணக்கில்தான் அவள் எவ்வளவு காதலிக்கிறாள் என்பது வாசகருக்குத் தெரியவரும். முதல் மூன்று அத்தியாயங்கள் முடிந்ததும் அனுப்பி வையுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.